செயலாளரின் ஆண்டறிக்கை: வடக்குத் திட்டத்தின் முதல் ஆண்டு

தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நமது வீட்டுத்தோட்டச் சங்கத்தின் வழமையான வேலைகள் இந்த ஆண்டும் குறையில்லாமல் நடந்தன. மே மாத நாற்றுப் பரிமாற்றத்துக்கு ஸ்காபரோவிலிருந்து மட்டுமல்ல, மார்க்கத்திலிருந்தும் ஏஜக்ஸிலிருந்தும் சனம் வந்தது. அறுவடை விழாவில் வெண்டி, பாகல், கத்தரி எல்லாம் மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. வரவு செலவைப் பொருளாளர் அடுத்ததாக வாசிப்பார், அதனால் அதை விட்டுவிடுகிறேன். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை வடக்குத் திட்டத்துக்கே ஒதுக்குகிறேன். எங்கள் கூட்டங்களில் அதிக நேரத்தை எடுத்ததும், அதிக வாக்குவாதத்தைக் கிளப்பியதும் அதுதான்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். விழாவில் சேரும் பணத்தில் ஒரு பங்கைக் கனடாவின் வடபகுதியில் முதற்குடி மக்கள் நடத்தும் பசுமைக்குடில் ஒன்றுக்குக் கொடுப்பது என்பதே அது. காசை அனுப்ப முதல் விஷயத்தைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறு குழுவையும் நியமித்தோம். அங்கத்தவர் ஒருவரின் மகள் கனடாவின் தூர வடக்குப் பிரதேசமான நூனவுட்டில் தாதியாக வேலை செய்து திரும்பியவர். அவர் வந்து பேசிய அந்த மாலைதான் இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள கூட்டம் என்பது என் எண்ணம்.

நிலைமை இதுதான். நூனவுட்டில் 25 ஊர்கள். தெற்கிலிருந்து ஓர் ஊருக்கும் தரைவழிப் பாதை கிடையாது. ஊருக்கு ஊர் போகவும் நெடுஞ்சாலை இல்லை. கெட்டுப்போகாத சாமான்கள் கோடையில் கடல் உருகியிருக்கும் சில வாரங்களில் கப்பலில் வரும். பழம், மரக்கறி, பால் எல்லாம் விமானத்தில்தான். பனிப்புயல் அடித்தால் விமானம் இல்லை, கடைத் தட்டில் மரக்கறியும் இல்லை. வந்து சேரும் சலாது இலையும் வழியில் ஒருமுறை உறைந்து, பிறகு உருகி, ஓரம் கறுத்துத்தான் கடைக்கு வரும் என்று அந்தத் தங்கச்சி சொன்னார். விலையோ நாங்கள் இங்கே கொடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. 2017-18 இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், கனடா முழுவதிலும் நூற்றுக்குப் பதின்மூன்று வீடுகள் அளவில் உணவுக்குத் தட்டுப்பட்டபோது, நூனவுட்டில் அது 57 வீடுகள். இரண்டும் ஒரே நாட்டின் கணக்குகள்.

இதைக் கேட்டதும் நமது மூத்த அங்கத்தவரான மாஸ்டர் எழும்பிக் கேட்டார்: "அது சரி பிள்ளை, அந்தச் சனம் ஆயிரக்கணக்கான வருசமா அங்கதானே இருந்தது. அப்ப என்னத்தைச் சாப்பிட்டது? கீரையா சாப்பிட்டது?"

இந்தக் கேள்விதான் எங்கள் திட்டத்தையே திருப்பிப் போட்டது. அங்கத்தைய முதற்குடிகளான இனூயிட் மக்கள் கடல்நாய், திமிங்கிலம், கரிபூ மான், ஆர்க்டிக் சார் மீன் ஆகியவற்றை உண்டு வாழ்ந்தவர்கள். கோடையில் காட்டுப் பழங்களும் கிழங்குகளும் பொறுக்குவார்கள். திமிங்கிலத் தோலிலேயே நல்ல அளவு உயிர்ச்சத்து சி இருக்கிறது. அதனால்தான் தோடம்பழம் காணாத ஊரிலும் அந்தச் சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் அவர்களைத் தீண்டவில்லை. நூனவுட்டில் உள்ள கிங் வில்லியம் தீவின் கதையைப் பலர் அறிந்திருப்பீர்கள். வடக்கே கடல்வழி தேடிப் போன பிரித்தானியரான பிராங்க்ளினின் பயணக் குழுவில் எஞ்சிய 105 பேர் 1848 ஏப்ரலில் பனியில் சிக்கிய கப்பல்களைக் கைவிட்டு அந்தத் தீவில் இறங்கி நடந்தார்கள். ஒருவரும் ஊர் திரும்பவில்லை. அந்தப் பகுதியிலேதான் நெட்சிலிக் என்ற இனூயிட் பிரிவினர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்து வந்தார்கள்.

ஆகவே அந்த மண்ணில் சாப்பாடே இல்லை என்ற எண்ணத்தோடு இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் போகும் வழி அடைபட்டதுதான் பிரச்சினை. 1950களிலும் 60களிலும் நிலத்தில் நடமாடி வாழ்ந்த குடும்பங்களை நிரந்தரக் குடியேற்றங்களுக்குள் கொண்டுவந்தார்கள். 1953 இலும் 1955 இலும் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களை எடுத்துப்போய், அவர்கள் கண்டிராத தூர வடக்கில், ரெசொலூட், கிரீஸ் பியோர்ட் என்ற இடங்களில் இறக்கினார்கள். அரசு 2010 இல் அதற்கு மன்னிப்புக் கேட்டது. வண்டி இழுக்கும் நாய்கள் கொல்லப்பட்டதை, நூனவுட்டின் கிழக்குப் பகுதியில் இனூயிட் மக்களே அமைத்த கிக்கிக்டானி உண்மை ஆணைக்குழு பதிவு செய்திருக்கிறது. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைக்கும் வதிவிடப் பள்ளிகளுக்கு எடுத்துப் போனதால் வேட்டைப் பழக்கம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் தொடர் அறுந்தது. 1983 இல் ஐரோப்பா கடல்நாய்த் தோலுக்குத் தடை போட்டது. குட்டிகளின் தோலுக்குத்தான் அந்தத் தடை என்றாலும் சந்தை முழுவதும் விழுந்து, வேட்டைச் செலவுக்கு வந்துகொண்டிருந்த காசும் நின்றது. இன்று வேட்டைக்குப் போவதென்றால் பனி ஸ்கூட்டர், பெற்றோல், தோட்டா, உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். போதாக்குறைக்குக் கடற்பனியும் முன்போல நம்பி நடக்கக் கூடியதாக இல்லை.

அப்படியானால் பசுமைக்குடில் எதற்கு? கடையில் வாங்கும் சாப்பாடு இன்று அவர்கள் வாழ்க்கையின் ஒரு பகுதியாகிவிட்டது. அதில் மிக விலை கூடியதும் மிகக் கெட்டு வருவதும் பச்சை மரக்கறிதான். அந்த ஒரு பங்கை ஊரிலேயே விளைவிக்க முடியுமென்றால் அது பெரிய காரியம். செய்து காட்டியும் இருக்கிறார்கள்.

இனூவிக் பசுமைக்குடிலைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வடக்கே, மெக்கென்சி ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் ஊர் அது. இனூவியலூயிட், குவிச்சின் என்ற முதற்குடி மக்களின் நிலம். டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை வழியாக லொறி வரும், ஆனால் பீல் ஆற்றையும் மெக்கென்சி ஆற்றையும் கடக்கக் கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிப்பாதை. பனி உறையும்போதும் உடையும்போதும் இரண்டும் இல்லை. அந்த வாரங்களில் லொறியே வராது. அங்கே குரோலியர் ஹோல் என்ற வதிவிடப் பள்ளி விடுதி 1959 முதல் இயங்கியது. அதில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டது பின்னர் நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டது. அந்த விடுதிக்குச் சொந்தமான ஐஸ் ஹொக்கி அரங்கை இடித்துத் தள்ளாமல், 1990களின் கடைசியில் ஊர் மக்கள் கேட்டு வாங்கினார்கள். தகரக் கூரையைக் கழற்றி ஒளி புகும் தகடுகளைப் போட்டுப் பசுமைக்குடிலாக்கினார்கள். கீழே ஊரவருக்கான பாத்திகள், மேல்மாடியில் விற்பனைக்கு நாற்றும் பூங்கன்றும். மேலே வரும் வருமானம் கீழே நடக்கும் செலவைத் தாங்க உதவுகிறது. பாத்தி எடுப்பவர்கள் பொது வேலைக்கும் கை கொடுக்க வேண்டும். நம்முடைய சங்கமும் இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும் என்று இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

தோட்டக்காரர் என்ற முறையில் எங்களுக்குச் சுவையான விஷயம் அங்கத்தைய வெளிச்சம். கோடையில் 50 நாட்களுக்கு மேல் சூரியன் மறைவதில்லை. தக்காளியும் கோவாவும் அந்த வெளிச்சத்தில் மளமளவென்று வளரும். ஆனால் ஸ்பினாச் கீரைக்கு இரவு வேண்டும். பகல் நீண்டால் இலை விடுவதை விட்டுப் பூத்தண்டு விட்டுவிடும். ஆர்க்டிக்கில் பசுமைக்குடில் என்றால் குளிரைத்தான் நினைக்கிறோம், ஆனால் ஜூன், ஜூலையில் உள்ளே சூடு ஏறாமல் காற்றை வெளியே விடுவதும் பெரிய வேலை. நிலத்துக்கடியில் நிரந்தர உறைபனி, ஆகவே எல்லாம் உயர்த்திய பாத்திகள். மண்ணையும் அவர்களே உருவாக்க வேண்டும், சமையலறைக் கழிவைக் கூட்டெருவாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக.

நூனவுட்டின் தலைநகரான இக்கலுவிட்டிலும் 2007 முதல் ஒரு சமூகப் பசுமைக்குடில் இருக்கிறது. ஜோவா ஹேவனில் நடப்பது வேறு வகை. கிங் வில்லியம் தீவில்தான் அந்த ஊரும். 2019 இல் அங்கே வெப்பம் காக்கும் கப்பல் கொள்கலன்களுக்குள், மண்ணில்லாமல் நீரில், மின்விளக்கில் பயிர் வைக்கத் தொடங்கினார்கள். நவுர்விக் என்று பெயர். காற்றாலையும் சூரியத் தகடும் மின்சாரம் தருகின்றன. அவை போதாதபோது டீசல். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு இடத்தைத் தெரிந்து, ஊர் இளைஞர்களையே தொழில்நுட்பவியலாளராகப் பயிற்றியது அந்தத் திட்டத்தின் பலம். சூரியன் தலைகாட்டாத குளிர்காலத்திலும் அறுவடை செய்ய முடிகிறது. வட மானிற்றோபாவில் ஒபஸ்க்வாயாக் கிரீ முதற்குடி மக்களும் 2016 முதல் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கீரை விளைவிக்கிறார்கள். நீரிழிவு அதிகமுள்ள சமூகத்துக்கு நல்ல மரக்கறி கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். நூனவுட்டின் 25 ஊர்களுக்கும் மின்சாரம் டீசலில்தான். ஆகவே வெளிச்சமும் சூடும் இலவசமில்லை. ஒரு பம்பு பழுதானால் பாகம் விமானத்தில் வரவேண்டும். சலாது இலையில் சத்து உண்டு, ஆனால் வயிறு நிறையாது. இறைச்சியும் மீனும் இருக்க வேண்டிய இடத்தை எந்தக் குடிலும் நிரப்பாது.

இன்னொன்று, வெளியார் உதவி என்றதும் அந்த மக்கள் ஏன் யோசிக்கிறார்கள் என்பது. 1942 இல் நோர்வே ஹவுஸ் உட்பட வட மானிற்றோபா கிரீ ஊர்களில், ஊட்டக்குறைவால் வாடிய மக்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உயிர்ச்சத்து மாத்திரை கொடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் ஆராய்ச்சி செய்தார்கள். 1948 முதல் 1952 வரை வதிவிடப் பள்ளிகளிலும் பசித்த பிள்ளைகள் மேல் இப்படியான சோதனைகள் நடந்தன. 2011 இல் தொடங்கிய மத்திய அரசின் உணவு மானியத் திட்டத்திலும், மானியம் முழுதும் வாங்குபவருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதைத் திணைக்களம் சரிபார்க்கவில்லை என்று 2014 இல் கணக்காய்வாளர் நாயகமே குறை சொன்னார். இவ்வளவையும் கண்ட மக்களிடம், "நாங்கள் விதை அனுப்புகிறோம், நடுங்கள்" என்று போய் நிற்பது சரியில்லை.

செயற்குழுவில் இதுபற்றிக் கடுமையாகவே விவாதித்தோம். வீட்டில் சேர்த்த விதைகளைப் பெட்டி கட்டி அனுப்பலாம் என்று சிலர் ஆர்வமாக இருந்தார்கள். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். இருந்தாலும் முதலில் கேட்போம் என்று முடிவாகி, வடக்கில் சமூகமே நடத்தும் ஒரு பசுமைக்குடிலுக்குக் கடிதம் எழுதினோம். பெயரைப் பகிரங்கப்படுத்த வேண்டாம் என்று அவர்கள் கேட்டதால் இங்கே சொல்லவில்லை. பதில் தெளிவாக வந்தது. விதை இருக்கிறது. தேவைப்படுவது சரக்குக் கட்டணமும், கோடையில் பாத்திகளைப் பார்க்கும் இளைஞர்களுக்கான சம்பளமும். கூடவே ஒரு வரி: ஊரின் பொது உறைபெட்டி அறையையும் மறக்காதீர்கள்.

அந்த அறையைப் பற்றித் தாதித் தங்கச்சி ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேட்டையில் மிஞ்சும் இறைச்சியும் மீனும் அங்கே போகும். வேட்டைக்குப் போக ஆளில்லாத வீட்டவரும் முதியவர்களும் எடுத்துக்கொள்வார்கள், காசு இல்லை. சில நாட்களில் ஊர் வானொலியிலேயே அறிவிப்பார்களாம்: இன்னார் வீட்டில் கடல்நாய் வெட்டியிருக்கிறது, வேண்டியவர்கள் வரலாம். ஒருவர் கொண்டுவந்ததை ஊர் பங்கிடும் இந்த வழக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர், "அப்ப பாதிக் காசு அதுக்குத்தான்" என்றார். செயற்குழு அப்படியே ஏற்றுக்கொண்டது. விழாப் பணத்தில் ஒதுக்கியதில் பாதி பசுமைக்குடிலுக்கும், பாதி உறைபெட்டி அறைக்கும் போயிருக்கிறது. இரண்டுக்கும் பற்றுச்சீட்டு பொருளாளரிடம் உண்டு.

வரும் ஆண்டுக்கு இரண்டு பிரேரணைகளைச் சபை முன் வைக்கிறேன். இந்த உதவியை ஒரே இடத்துக்கு, அதே பாதிக்குப் பாதி அளவில், மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்வது முதலாவது. வருடத்துக்கொரு ஊராக மாறிக்கொண்டிருந்தால் இளைஞர் சம்பளத்தை அவர்கள் திட்டமிட முடியாது. இரண்டாவது, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உதவவென்று 2020 இல் மத்திய அரசு தொடங்கிய மானியத்தைக் குறைக்காமல் தொடரும்படி நமது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுவது. கடித வரைவு வாசலில் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் போடலாம்.

பேச வந்த தங்கச்சிக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், விழாவில் நின்று உழைத்த அங்கத்தவர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்