சம்பளச் சீட்டுக்கு ஒரு பாடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பாடநூல் தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். வெளிநாட்டு ஊழியர்களின் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்புக்கு நீங்கள் அனுப்பிய புதிய பயிற்சிநூல் வந்து சேர்ந்தது. தாள் நன்றாக இருக்கிறது, படங்களும் பளிச்சென்று இருக்கின்றன. சம்பளச் சீட்டுக்கு ஒரு பாடம் வேண்டும் என்று தொண்டூழியர்கள் நாங்கள் போன முறை எழுதிக் கொடுத்த கோரிக்கைதான் எங்கும் காணோம்.

மூன்றாம் பாடம், ஹோட்டலில் அறை எடுப்பது. "கடல் தெரியும் அறை கிடைக்குமா?" என்று கேட்டுப் பழக வேண்டுமாம். பழகுகிறவரோ இங்கே சிங்கப்பூரில், துவாஸ் ஊழியர் விடுதியில் ஒரே அறையில் பதினொரு பேரோடு அடுக்குக் கட்டிலில் படுப்பவர்.

அந்தப் பாடம் நடந்த அன்றுதான் ஒரு தம்பி தன் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினார். கட்டுமான வேலை. அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் மணி, படி எல்லாம் வரிசையாக இருக்கிறது. கடைசியில் பிடித்தம் என்று ஒரு தொகை. எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. மாதா மாதம் அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருக்கிறார். ஓவர்டைம் மணி சரியா என்றேன். அந்தக் கட்டம் எது என்று திருப்பிக் கேட்டார்.

2016 ஏப்ரலிலிருந்து இப்படி விவரமான சீட்டு கொடுத்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். இவரைப் போன்றவர்களுக்கு ஓவர்டைமுக்கு மணிநேர அடிப்படை ஊதியத்தில் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பதும் சட்டம்தான். நம் புத்தகத்தை முடித்த பிறகும் அவருக்குக் கடல் தெரியும் அறை கேட்கத் தெரியும், "இந்தப் பிடித்தம் எதற்கு?" என்று அலுவலகத்தில் கேட்கத் தெரியாது.

அடுத்த பதிப்பில் சம்பளச் சீட்டுப் பாடம் வேண்டும். மாதிரிச் சீட்டு ஒன்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எந்த எண் எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வையுங்கள், ஓவர்டைமைக் கணக்குப் போட வையுங்கள், அப்புறம் கேள்வி கேட்க வையுங்கள். "ஹவ் மெனி ஹவர்ஸ்", "ஹவ் மச் பெர் ஹவர்" என்று இலக்கணம் தானாக உள்ளே வந்துவிடும்.

இதையெல்லாம் நேரில் சொல்லலாம் என்றால், உங்கள் கலந்துரையாடல் புதன்கிழமை காலையில். அந்த நேரத்தில் எங்கள் மாணவர்கள் சாரத்தின் மேல் நிற்பார்கள். வகுப்புக்கு அனுப்பிய கருத்துப் படிவமும் முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் புரியாதவர், பாடம் புரிந்ததா என்று ஆங்கிலத்திலேயே எழுதித் தர வேண்டும்! வெளியீட்டு விழாவில் படம் எடுக்க மட்டும் அவர்களுக்கு முன்வரிசை.

சரி, கோபம் எங்கோ இழுத்துப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டுப் பாடத்தைத் தயவுசெய்து சேருங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அதன் வரைவை ஒரு ஞாயிறு எங்கள் வகுப்பில் நடத்திப் பாருங்கள். மாணவர்கள் சம்மதத்தோடு, பெயர் மறைத்த சீட்டுகளை நாங்களே தருகிறோம். எந்த ஞாயிறு வசதிப்படும் என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தொண்டூழிய ஆசிரியர்