இரண்டு நிமிடமும் ஒரு சிக்னலும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா தானே பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்துபோச்சு. பெரியவனுக்கு வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். மகள் இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள்.

கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாயே, "கூட்டத்துல எழுந்து பேசினேன், ஒருத்தரும் வாயத் திறக்கல, இனிமே போகமாட்டேன்" என்று. இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்க் கூட்டத்தின் விதிகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த வலி எனக்குத் தெரியும். கலிபோர்னியாவில் நான் முதன்முதலாக நகர கவுன்சில் மைக் முன்னால் நின்றபோது எனக்கும் இதேதான் நடந்தது.

பூங்கா விளக்கு எரியவில்லை என்று பேசப் போனேன். பேச இரண்டு நிமிடம்தான். மேஜையில் பச்சை விளக்கு, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "நன்றி, அடுத்தவர்" என்றார் தலைவர். வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது. அப்புறம்தான் ஒருவர் விளக்கினார். இந்த மாநிலத்தில் 1953-ல் வந்த பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரம் முன்னதாகவே நிகழ்ச்சி நிரலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிட வேண்டும். நிரலில் இல்லாததைப் பற்றி மக்கள் பேசலாம், உறுப்பினர்கள் விவாதிக்கக்கூடாது, முடிவெடுக்கவும் கூடாது. சுருக்கமாக ஒரு பதில் சொல்லலாம், அல்லது அதிகாரிகளிடம் பார்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். காரணம் நியாயமானது. அன்றைக்கு வராத ஒருவரைப் பாதிக்கும் விஷயத்தை அவருக்குத் தெரியாமலே முடித்துவிடக்கூடாது. என் விளக்கு நிரலில் இல்லை. அவர்கள் வாயைக் கட்டியிருந்தது அந்த விதி. எனக்கு அது அவமதிப்பாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு முழு கவுன்சில் கூட்டத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு கவுன்சில் உறுப்பினர்களில் சிலர் மட்டும் உட்காரும் கமிட்டிக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். உண்மையான வேலை கமிட்டியில் நடக்கிறது. எங்கள் போக்குவரத்துக் கமிட்டியில் மூன்றே பேர். அதே சட்டப்படி, ஒரு குழுவில் பெரும்பான்மையானவர்கள் கூட்டத்துக்கு வெளியே அந்த விஷயத்தைப் பேசிக்கொள்ளக்கூடாது. மூன்று பேர் குழுவில் இரண்டு பேரே பெரும்பான்மை. ஆகவே அந்த மூவரில் இருவர் லிஃப்டில் சந்தித்தால்கூட பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசலாம், சிக்னலைப் பற்றிப் பேசக்கூடாது. இமெயில் சங்கிலியும் கூடாது. அதனால் ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை இன்னொருவர் முதல்முதலாகக் கேட்பது நம் கண் முன்னால்தான். யாரும் முழுசாக முடிவெடுக்காத நேரம் அது. அந்த நேரத்தில் நீ சொல்லும் வார்த்தைக்கு இடம் கிடைக்கும்.

இன்னொன்று. கமிட்டியில் மக்கள் பேச வாய்ப்புக் கொடுத்துவிட்டால், விஷயம் பெரிதாக மாறாதவரை முழு கவுன்சிலில் அதற்கு மறுபடி நேரம் கொடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. பெரிய கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கமிட்டியை விட்டவர்கள், அங்கே போய்க் கதவு சாத்தியிருப்பதைத்தான் பார்க்கிறார்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் முதியோர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே நம் ஊர்ப் பாட்டி ஒருவர், ஊன்றுகோலோடு நடப்பவர். அகலமான சாலையை அவர் பாதி கடப்பதற்குள் சிக்னல் மாறிவிடுகிறது. எந்தெந்தச் சந்திப்புகளில் சிக்னல் நேரத்தை மாற்றுவது என்ற பட்டியல் கமிட்டி நிரலில் வந்தது. எங்கள் சந்திப்பு அதில் இல்லை. பாட்டியைக் கூப்பிட்டேன். "எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா" என்றார். நான் மொழிபெயர்க்கிறேன், தமிழிலேயே பேசுங்கள் என்றேன். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தரவேண்டும் என்று 2016-ல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. நாலு நிமிடம் கொடுத்தார்கள்.

பாட்டி கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. மேடைக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைக் காட்டி, "நான் நடக்கிறேன், நீங்க எண்ணுங்க" என்றார். நடந்தார். கோலின் சத்தம் மட்டும்தான் கேட்டது. தலைவர் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். போக்குவரத்துப் பொறியாளர் எழுந்தார். வழக்கமான கணக்கு நொடிக்கு 3.5 அடி நடை, அப்படியானால் 70 அடிச் சாலைக்கு 20 நொடி. இவருக்கு 28 நொடியாவது வேண்டும், மெதுவாக நடப்பவர்கள் அதிகமுள்ள இடங்களில் நடை வேகத்தைக் குறைத்துக் கணக்கிட வழி இருக்கிறது என்றார். அவ்வளவு நாள் அந்த வழி இருந்திருக்கிறது, கேட்க ஆள் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

பிறகு நடந்தது ஐந்தே நிமிடம். ஒரு உறுப்பினர் எங்கள் சந்திப்பையும் பட்டியலில் சேர்க்கும்படி திருத்தம் கொண்டுவந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். மூன்றாமவர் வண்டிகள் தேங்கும் என்று கவலைப்பட்டார். அவர் கவலையிலும் உண்மை இருக்கிறது, காலையில் அந்தச் சாலையில் வரிசை நீளம். கிளார்க் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஆம், ஆம், இல்லை. இரண்டுக்கு ஒன்று. அது பரிந்துரைதான், ஆணை இல்லை. இரண்டு வாரம் கழித்து முழு கவுன்சிலில், விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் பதினைந்து இருபது விஷயங்களோடு சேர்ந்து ஒரே ஓட்டில் போய்விட்டது. நாங்கள் அன்றைக்கு மட்டும் வந்திருந்தால் பாட்டியின் பெயரைக்கூட யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.

எல்லாக் கூட்டமும் இப்படி முடியும் என்று நான் சொல்லமாட்டேன். அரசாங்கக் குழுக்கள் நாம் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும் என்று அரசியல் சாசன உரிமை எதுவும் இல்லை என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றமே 1984-ல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. யார் வந்து பேசுகிறார்கள் என்பதும் எனக்குப் பெரிய உறுத்தல். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸில் வீடு கட்டும் திட்டங்கள் பற்றிய கூட்டக் குறிப்புகளை எடுத்துப் படித்தார்கள். பேச வந்தவர்களில் வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், ஆண்கள் எல்லாம் ஊரில் இருக்கும் விகிதத்தைவிட அதிகம். புது வீடுகளை ஆதரித்துப் பேசியவர்கள் சுமார் 15 சதவீதம்தான். வாடகைக்கு வீடு தேடி அலைகிறவர் மாலை ஆறு மணிக்கு வேலையில் இருப்பார், அவர் எப்படி வருவார்? பகல் பத்து மணிக்கு நடக்கும் கமிட்டி என்றால் இன்னும் மோசம். பாட்டிக்கு என்னைப் போல ஒருவன் லீவு போட்டு வர முடிந்தது. மற்றவர்களுக்கு?

அதனால் நீ போகாமல் இருந்துவிடாதே, மாப்ளே. அடுத்த கூட்டத்தின் நிரல் கையில் கிடைத்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிவரை கேள்வித்தாளைப் பிரித்துப் பார்ப்போமே, அதுபோல வரி வரியாகப் பார்ப்போம். எந்த வரியில் உன் தெரு இருக்கிறது, எந்த மேஜையில் அது முதலில் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பேசுவது சுலபம்.

சிக்னலை மாற்ற ஆட்கள் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் பாட்டி போன் செய்து, "வண்டி வந்துச்சாப்பா?" என்று கேட்கிறார்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்
ரூம்மேட்