அந்த ஆய்வை எங்கள் கொட்டகைக்கும் கொண்டுவாருங்கள்

தானியங்கிக் கறவைக் கருத்தரங்கை நடத்திய மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டில் 11 மாடு வைத்துப் பால் விற்கும் குடும்பம் எங்களுடையது. அழைப்பு வந்ததே என்று அன்று 3 மணிக்கே எழுந்து கறந்து, வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு, பஸ் பிடித்து வந்தேன். நாள் முழுக்க ஆங்கிலம். மலாயிலோ தமிழிலோ ஒரு தாளாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, "இது பெரிய பண்ணைக்காரர்களுக்கு" என்றார்கள்.

ஐயா, நான் இயந்திரம் வாங்க வரவில்லை. ஆள் கை படாமல் தானே கறக்கும் அந்த இயந்திரப் பெட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 60 மாடு வேண்டும் என்பது எனக்கும் தெரியும். 1992-இல் நெதர்லாந்துப் பண்ணையில் இறங்கியதிலிருந்து அந்த இயந்திரத்தை வைத்து மாட்டைப் பற்றி என்னென்ன கண்டுபிடித்தார்களோ, அதைக் கேட்கத்தான் வந்தேன்.

போன வருடம் எங்கள் செவலைப் பசு கன்று போட்ட மூன்றாம் வாரம், "மடி சுடுதுடா" என்றார் அம்மா. வெயிலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பால் திரிதிரியாக வந்த பிறகுதான் மடிநோய் என்று புரிந்தது. ஊசி போட ஆள் வருவதற்குள் பின்காம்பு ஒன்று கல்லாக இறுகிவிட்டது. இப்போது அது மூன்று காம்பு மாடு. கறந்து முடித்ததும் அந்தச் செத்த காம்பை ஒருமுறை தடவிவிட்டுத்தான் அம்மா எழுந்திருக்கிறார்.

உங்கள் திரையில் ஒரு படம் வந்தது. மடிநோய் தொடங்கினால் பாலில் உப்பு ஏறும், அதனால் மின்சாரம் எளிதாகப் பாயும், அதை இயந்திரம் நான்கு காம்புக்கும் தனித்தனியாக அளந்து பார்க்கும். ஒரு நிமிடம்கூட இல்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டீர்கள். நான்கு குழி உள்ள ஒரு தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் கறந்து, சமஅளவு சோதனை மருந்து ஊற்றிச் சுழற்றினால், நோயுள்ள பால் கூழாகும் என்று தேநீர் வேளையில் பக்கத்திலிருந்த ஒரு மாணவிதான் சொன்னார். அதற்கு இயந்திரம் வேண்டாம். போன வருடமே யாராவது சொல்லியிருக்கலாமே!

தோட்டம் விற்றுப்போய் மேய்ச்சல் நிலமும் போனது. செம்பனைக்குள் மாடு நுழைந்தால் பிடித்துக் கட்டுகிறார்கள். புண்ணாக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. நாட்டில் பால் போதவில்லை என்று மேடைதோறும் பேசுகிறீர்கள். கறக்கிறவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சரி, அதையெல்லாம் இந்த மடலில் இழுக்கவில்லை, மன்னியுங்கள்.

கேட்பது ஒன்றுதான். ஆய்வில் தெரிந்ததை மலாயிலும் தமிழிலும் எழுதி, எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கம் போதும். அந்தத் தட்டோடு ஒருவர் ஒருநாள் வந்து காட்டினால் பெரிய உதவி. வரும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள், சுற்றுவட்டார மாட்டுக்காரர்களைக் கூட்டிவைக்கிறேன். காலை 4 மணிக்கு வந்தால் அம்மா கறக்கும்போதே பார்க்கலாம்.

பணிவுடன்,
ஒரு மாட்டுக்காரர்