மனசாட்சிக்குக் கொறடா வேண்டாம்

கருக்கலைப்புச் சட்டத்தால் கட்சிகளுக்குள் எழும் பிளவு பற்றிய தலையங்கம் கண்டேன். அயர்லாந்தில் 2013இல் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதாவுக்கு ஆளும் ஃபினே கேல் கட்சி கொறடா உத்தரவு (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளை) பிறப்பித்தது. தற்கொலை அபாயத்தையும் காரணமாக ஏற்ற பிரிவை எதிர்த்த இணையமைச்சர் லூசிண்டா கிரைட்டன், மாறி வாக்களித்துப் பதவி இழந்தார். கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்தும் நீக்கப்பட்டார். 2018இல் ஃபியன்னா ஃபாயில் என்ற மற்றொரு கட்சியின் தலைவர் மைக்கேல் மார்ட்டின், கருக்கலைப்புக்கு அரசியலமைப்பில் இருந்த தடையை நீக்க ஆதரவளித்தார், அவரது கட்சி உறுப்பினர் பலர் வெளிப்படையாக எதிர்த்தனர். கொறடா இல்லை, கட்சியும் உடையவில்லை. பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதத்தினர் தடைநீக்கத்தை ஆதரித்தனர்.

நம் நாட்டில் நிலைமை இன்னும் கடுமை: அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித்தாவல் தடைச் சட்டம்) கொறடாவை மீறினால், 15 நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால், உறுப்பினர் பதவியே பறிபோகலாம். ஆனால் உத்தரவே பிறப்பிக்காவிட்டால் அந்தப் பிரிவுக்கு வேலையில்லை. இத்தகைய மசோதாக்களுக்குக் கொறடா கிடையாது என்று கட்சிகள் தங்கள் விதிகளிலேயே எழுதிவைக்கலாம். சட்டத் திருத்தம் தேவையில்லை.