அம்மிணிக்கு, அந்த 68 ஆயிரம் பற்றி

அம்மிணி,

உன் பாத்ரூமைப் புதுப்பிக்க நீ போட்டோ எடுத்து அனுப்பிய எஸ்டிமேட்டை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். டைலுக்கு இத்தனை, எலக்ட்ரிகலுக்கு இத்தனை என்று எழுதிவிட்டு, "பிளம்பிங் வேலை முழுவதும் 68,000" என்று ஒற்றை வரி. அடியில் பொடி எழுத்தில் ஜி.எஸ்.டி. தனி. 18 சதவீதம் சேர்த்தால் 80,240 ஆகிறது, கவனித்தாயா? இது அதிகமா, நியாயமா என்று கேட்கிறாய். ஒற்றை வரியை வைத்து அதைச் சொல்ல முடியாது கண்ணு, வேலந்தாவளத்தில் பைப் கடைக் கல்லாவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கே முடியாது.

முதலில் பாயிண்ட் எண்ணு. பிளம்பர் கூலி எல்லாம் பாயிண்ட் கணக்குதான், அதாவது தண்ணீர் வருகிற, கழிவு போகிற ஒவ்வொரு இடமும் ஒரு பாயிண்ட். உன் பாத்ரூம் எட்டுக்கு ஐந்து அடி. ஃப்ளஷ் டேங்க் ஒன்று, ஹெல்த் ஃபாசெட் ஒன்று, வாஷ்பேசினுக்கு சூடு ஒன்று பச்சைத் தண்ணீர் ஒன்று, சூடும் பச்சையும் கலந்து விடுகிற ஷவர் மிக்ஸருக்கும் அதே மாதிரி இரண்டு, கீசருக்கு உள்ளே போக ஒன்று வெளியே வர ஒன்று, வாஷிங் மெஷினுக்கு ஒன்று. ஒன்பது ஆச்சா? கழிவுக்கு க்ளோசெட் (கக்கூஸ் பீங்கான்தான்), பேசின், தரைத் தண்ணீர் இறங்குகிற ட்ராப், மெஷின் என்று நாலு. மொத்தம் பதின்மூன்று. ஆனால் சில பேர் மிக்ஸரை ஒரு பாயிண்ட் என்பார்கள், சில பேர் இரண்டு என்பார்கள், சண்டை வருவதே அங்கேதான். அதனால் ரேட்டைக் கேட்பதற்கு முன்னாடி எதை எப்படி எண்ணுகிறார் என்று கேள்.

அப்புறம் சாமான். தண்ணீருக்கு சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப் போடச் சொல், அது 93 டிகிரி சூடு வரை தாங்கும், கீசர் லைனில் சாதாரண பி.வி.சி. போட்டால் இளகிப் போகும். மெயினுக்கு முக்கால் இஞ்ச், பாயிண்ட்டுக்கு அரை இஞ்ச். பைப்பின் கனத்தைக் காட்டுகிற எஸ்.டி.ஆர். எண் 11-ஆ 13.5-ஆ என்று எழுதி வாங்கு, 11தான் கனம். க்ளோசெட் கழிவுக்கு 110 எம்.எம்., மற்றதற்கு 75. நம் கடை பில்லில் நான் பார்த்தது, பாத்ரூம் மாதிரி சின்ன இடத்தில் பைப்பைவிட அதை இணைக்கிற ஃபிட்டிங்ஸ்தான் பணத்தைத் தின்னும். அதிலும் குழாய் மாட்டும் இடத்தில் வருகிற உள்ளே பித்தளை மரை வைத்த எல்போ (வளைவுத் துண்டு), வெறும் எல்போவைவிடப் பல மடங்கு விலை. அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதே, குழாயை நாலு தடவை கழற்றி மாட்டினால் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிடும்.

சாமானை நீயே வாங்கு. ஏன் என்று கேட்பாய். பிளம்பர் கூட்டி வந்த ஆளுக்குப் பில் போட்டால், அவர் போன பிறகு பத்து சதவீதம் பிளம்பர் கையில் நானே கொடுத்திருக்கிறேன். தப்புதான், ஆனால் கொடுக்காத கடைக்கு ஆள் வராது.

இப்போது முக்கியமான விஷயம். மாப்பிள்ளை ஆசைப்படுகிற அந்தச் சுவரில் தொங்கும் க்ளோசெட். அதன் கழிவு சுவர் வழியாகப் போக வேண்டும், உங்கள் பழைய க்ளோசெட்டின் துளையோ தரையில். அதை மாற்ற வேண்டும் என்றால் தரையைக் கொத்தி, வாட்டம் கொடுத்து, மறுபடி வாட்டர்ப்ரூஃப் செய்து, கொத்தின மண்ணை மூன்று மாடி இறக்கி, கீழ் வீட்டுக்காரர் முகத்தையும் பார்த்து... டேங்கை மறைக்கிற ஃப்ரேம் வேறு. மூலை மாற்றுகிறேன் என்று நீ எழுதியிருப்பதும் அதே கதைதான். க்ளோசெட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். டைல் முடிந்த சுவரிலிருந்து துளையின் நடு மத்தி வரை எத்தனை இஞ்ச் என்று அளந்து சொல், ஒன்பதா பன்னிரண்டா என்று தெரிந்தால்தான் எந்த மாடல் உட்காரும் என்று சொல்லலாம். பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டப் போகிறீர்கள் என்றால் அந்தக் கனத்தையும் கழித்துக்கொள்.

நம் வீட்டு பாத்ரூமில் மூலையில் நாலு பச்சை டைல் இருக்குமே, சின்ன வயதில் அதை டிசைன் என்று நினைத்து உன் ஸ்நேகிதிகளிடம் காட்டுவாய். டிசைன் இல்லை சாமி. ப்ரெஷர் டெஸ்ட் செய்யாமல் அவசரத்தில் டைல் ஒட்டினோம், இரண்டு மாதத்தில் பக்கத்து அறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளித்தது. உடைத்துப் பார்த்தால் ஒரு ஜாயிண்ட்டில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. திரும்ப ஒட்டப் போனபோது அந்த டைல் வருவதையே நிறுத்திவிட்டார்கள். உன் அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை, பைப் கடைக்காரன் வீட்டுக் குழாய் ஒழுகியது என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். ஆகவே எஸ்டிமேட்டில் இரண்டு வரி எழுதிச் சேர்க்கச் சொல். கை பம்ப் வைத்து ப்ரெஷர் ஏற்றி ஒரு ராத்திரி விட்டு மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. வாட்டர்ப்ரூஃப் செய்த தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது நிறுத்துவது இன்னொன்று. இதற்கெல்லாம் நேரம் இல்லை என்று சொல்கிற ஆள் வேண்டாம்.

டைல் மூடுவதற்கு முன் நாலு சுவரையும் டேப் பிடித்து போட்டோ எடுத்து வை. கைப்பிடி மாட்டப் போகிறேன் என்றாயே, எங்கே டிரில் இறக்கலாம் என்று அப்போதுதான் தெரியும். எனக்காகத்தான் அந்தக் கைப்பிடி என்று உன் பேச்சிலேயே தெரிகிறது. எனக்கு முட்டி வலிதான், மற்றபடி நன்றாக நடக்கிறேன். சரி, மாட்டு. க்ளோசெட்டுக்கு வலது பக்கம்.

குழாய் பளபளப்பைப் பார்த்து மயங்காதே. குடிக்கத்தான் கோயம்புத்தூரில் உங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர், பாத்ரூமுக்கு வருவது போர் தண்ணீர், நம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தண்ணீர் மாதிரியே உப்புப் படியும். குழாய்க்குள்ளே தண்ணீரைத் திறந்து மூடுகிற கார்ட்ரிஜ் மாற்றக் கிடைக்கிற கம்பெனியாக எடு. மொத்தத் தொகைக்கு மேல் 15 சதவீதம் தனியே எடுத்து வை, பழைய பில்டிங்கில் தரையைத் திறந்தால் என்ன வரும் என்று திறந்த பிறகுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை உக்கடம் பஸ்ஸில் வருகிறேன். அளவு டேப்பும் பழைய செருப்பு ஒரு ஜோடியும் எடுத்து வை. அதுவரை அந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

அம்மா