காஞ்சனபுரி அருங்காட்சியகம்: பயண அறிவிப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். தாய்லாந்துப் பயணத்தின் இரண்டாம் நாள் காலையில், காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியுள்ள தாய்லாந்து–பர்மா ரயில்பாதை மையம் என்ற அருங்காட்சியகத்தைப் பார்வையிடுகிறோம். இடம் சிறியதுதான், ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது, 1942–43இல், ஜப்பானிய ராணுவம் போர்க்கைதிகளைக் கொண்டு தாய்லாந்திலிருந்து (அன்றைய சயாம்) பர்மாவுக்கு 415 கி.மீ. நீளச் சயாம் மரண ரயில்பாதையை அமைத்த விதத்தையும், முகாம்களில் நோயும் பட்டினியும் சித்திரவதையுமாக 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் இறந்ததையும் விளக்குவதால், அவசரப்படாமல் பார்க்க வேண்டும். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் பல்லாயிரக்கணக்கில் இதே பாதையில் மாண்டனர். கைதிகளுக்கு இருப்பதுபோல் பெயர் பொறித்த கல்லறைகூட அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. இதே பாதையிலுள்ள குவாய் ஆற்றுப் பாலத்தில் படமெடுக்கும் நேரத்தைக் குறைத்தாவது இதற்கு நேரம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. வர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் பெயரைத் தெரிவிக்கவும்.