குஞ்சுகள் வருவதற்குள்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு, அவர் வேண்டாம் என்றாலும் விடாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பொக்கை வாயோடு நாள் முழுக்கப் பாட்டுதான்.

அடுத்த வாரம் 20 குஞ்சுகள் வருகின்றன என்று எழுதியிருந்தாய். தாய்க்கோழி இல்லாமல் பிழைக்குமா என்று கேட்டிருந்தாய். பிழைக்கும், பயப்படாதே. ஆனால் அவை வருவதற்கு முதல் நாளே புரூடர், அதாவது குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வைத்து வளர்க்கும் தடுப்பு, தயாராகிவிட வேண்டும். விளக்கைப் போட்டு ஒரு பகல், ஒரு இரவு ஓடவிட்டுப் பார். குளிர்ந்த தரையில் குஞ்சை இறக்கிவிட்டு அப்புறம் பல்பு தேடக் கூடாது.

முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சின் உடம்பில் இருப்பது பஞ்சு மாதிரி மெல்லிய மயிர்தான். இறகு முளைக்கும் வரை அதனால் தன் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் விளக்கின் கீழே 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வா, விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். 5, 6 வாரத்தில் இறகு மூடிவிடும். தெர்மாமீட்டரைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பார்.

முதல் தடவை நான் செய்த தப்பை நீ செய்யாதே. சின்ன அட்டைப் பெட்டிக்கு நடுவே இரண்டு பல்புகளைத் தொங்கவிட்டேன். பெட்டி முழுக்க ஒரே சூடு. மத்தியானம் எட்டிப் பார்த்தால் எல்லாம் அலகைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன, சிறகு தொங்கிப்போயிருந்தது. இரண்டு செத்துக் கிடந்தன. ஒதுங்க ஓர் இடம் விட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: விளக்கு ஒரு பக்கம், தீவனமும் தண்ணீரும் மறுபக்கம். குளிர்ந்தால் விளக்கடிக்கு வரும், சூடானால் தானே விலகிப் போகும். ஒரு குஞ்சுக்கு அரைச் சதுர அடியாவது இடம் விடு, மூன்றாவது வாரத்தில் அதை இரண்டு மடங்காக்கு. அட்டையை வளைத்து வட்டமாகத் தடுப்பு கட்டு. மூலை இருந்தால் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும்.

போன தடவை ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கீச்சுக்கீச்சென்று ஒரே கத்தல். நிம்மதியாக இருக்கும்போது முனகுகிற மெல்லிய குரல் வேறு, இது வேறு. போய்ப் பார்த்தேன். தெர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டியது, குஞ்சுகள் மட்டும் ஒரே பக்கமாக ஒண்டிக் கிடந்தன. எதிர்ப்பக்கம் தரையோடு கையை வைத்தேன். கதவிடுக்கு வழியாகக் காற்று சில்லென்று வந்துகொண்டிருந்தது. ஒரு சாக்கை மடித்து இடுக்கில் செருகினேன். கொஞ்ச நேரத்தில் பரவலாகப் படுத்துத் தூங்கிவிட்டன. அதிலிருந்து நான் முதலில் பார்ப்பது குஞ்சு படுத்திருக்கும் விதத்தை, அதற்குப் பிறகுதான் தெர்மாமீட்டரை.

விளக்கு விஷயத்தில் ரொம்பக் கவனம், மாலதி. கிளிப்பை மட்டும் நம்பாதே. சங்கிலி போட்டு மேலே உறுதியாகக் கட்டு. கழன்று, தரையில் பரப்பிய கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும். டெஃப்லான் பூசிய பல்பு வேண்டவே வேண்டாம், சூடானதும் அதிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். கையில் பணம் இருந்தால் வெப்பத் தட்டு வாங்கிவிடு. அதன் அடியில் குஞ்சுகள் தாய்க்கோழியிடம் போலவே நுழைந்து படுக்கும், தீப்பற்றும் பயமும் குறைவு.

தரையில் வெறும் செய்தித்தாள் விரிக்காதே. வழுக்கி வழுக்கிக் கால் அகண்டுபோகும். இரண்டு அங்குலத்துக்கு மரச்சீவலோ உமியோ போடு. நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிடு, ஈரக் கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் வரும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வை, இல்லையென்றால் சின்னது உள்ளே விழுந்து மூழ்கிவிடும். வந்ததும் ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் மெல்லத் தொட்டு எடு, அப்போதுதான் குடிக்கப் பழகும். குஞ்சுத் தீவனம்தான் கொடுக்க வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது.

முதல் வாரம் தினமும் பின்பக்கத்தைப் பார். எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டால் குஞ்சு சோர்ந்து நிற்கும். பிய்த்து எடுக்காதே, தோலும் சேர்ந்து வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி ஊறவிடு, தானே கழன்று வரும். நன்றாகத் துடைத்து, உள்ளங்கையில் பொத்தி விளக்கடியில் உலர்த்திய பிறகு மற்றவற்றோடு விடு. உன் கைக்குள்ளேயே கண்ணை மூடித் தூங்கிவிடும், பார்.

தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவு, பிள்ளைகளையும் கழுவச் சொல். மேலே கம்பிவலை போட மறக்காதே, பூனையும் எலியும் ராத்திரியில்தான் வரும்.

வந்த அன்றைக்கு ராத்திரி குஞ்சுகள் எப்படிப் படுத்திருந்தன என்று மட்டும் உடனே எழுது. மற்றதைச் சாவகாசமாகச் சொல்லலாம். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கலா